வாசனை நம் பங்கு

கடுகு வெடிப்பதைத் தொலைக்காட்சி காட்டும், கேட்கவும் வைக்கும். வாசனையை மட்டும் அதனால் கொண்டுவர முடியாது. கேமரா வாணலிக்குள்ளேயே எட்டிப் பார்த்தாலும் பெருங்காயத்தின் மணம் ஸ்டுடியோவிலேயே தங்கிவிடுகிறது. சமையலில் பாதி மணம்தான் என்பதால் இதைப் பெரிய குறையென்று சொல்லத் தோன்றும். எனக்கோ, சமையல் நிகழ்ச்சிகள் தரும் ஆறுதலின் ஊற்றே இந்தக் குறைதான் என்று படுகிறது. திரையில் இல்லாத வாசனையைப் பார்ப்பவர் தம் நினைவிலிருந்து எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. அப்படித் தேடும்போது அகப்படுவது அம்மாவின் அடுப்படி, பாட்டி அம்மியில் அரைத்த மிளகாய், கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பின் புகை. செய்முறை அவர்களுடையது, வாசனை நம்முடையது.

இதற்கு உடம்பிலேயே ஒரு காரணம் உண்டு. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற பகுதியைக் கடந்துதான் உள்ளே போகின்றன. மோப்பத்துக்கு அந்தச் சுற்றுவழி கிடையாது. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய இடங்களை அது நேராகப் போய்த் தொடுகிறது. அதனால்தான் ரசம் கொதிக்கும் மணத்தை நினைத்தாலே அந்த வீட்டின் தரை, ஜன்னல், ஆட்கள் எல்லாம் கூடவே வந்துவிடுகிறார்கள்.

சன் டிவி 1993இல் வந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக வந்த தமிழ்ச் சேனல்களில் சமையலுக்கென்று ஒரு நேரம் நிலைத்தது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகான பிற்பகலில், பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறிப்பு எழுதியபடி பார்த்தவர்கள் ஏராளம். என் அத்தை எழுத மாட்டாள், டிவியோடு சண்டை போடுவாள். “வத்தக்குழம்புக்கு யாராவது சோம்பு போடுவாங்களா?” என்று கேட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பாள். திரையில் விழுந்த சோம்பு அவள் மூக்குக்கு எட்டியிருந்தது.

இந்த நிகழ்ச்சிகளின் கலை நுட்பத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் தாளிப்பைப் பார்க்க வேண்டும். எண்ணெய் காய்ந்தது அதன் மேல் ஓடும் நெளிவில் தெரியும். கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கும் சத்தம் ஒன்றிரண்டாகத் தொடங்கிப் படபடவென்று ஏறும். அது அடங்கும்போது உளுத்தம்பருப்பு சத்தமில்லாமல் சிவக்கும். வற்றல் மிளகாய் உப்பி, நிறம் இறுகும். கறிவேப்பிலை விழுந்ததும் இலையின் ஈரம் கொதிக்கும் எண்ணெயோடு மோதிச் சடசடக்கும், சமைப்பவர் அரை அடி பின்வாங்குவார். இருபது வினாடிதான். தேர்ந்த இயக்குநர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தி, இசையையும் எடுத்துவிட்டு மைக்கை அடுப்புக்குக் கொடுப்பார். காதும் கண்ணும் நிறைந்தவுடன் மூக்கு தானாக விழித்துக்கொள்ளும்.

சமைப்பவரின் திறமை இன்னொரு வகையில் வெளிப்படும். “பச்சை வாசனை போக வதக்குங்க”, “எண்ணெய் பிரிஞ்சு மேல வரணும்”, “ஒத்தைக் கம்பிப் பதம் வந்ததும் இறக்கிடுங்க” என்பார்கள். நிமிடக் கணக்கு அடுப்புக்கு அடுப்பு மாறும். இந்த அடையாளங்கள் எந்த வீட்டிலும் மாறாது. நல்ல சமையல்காரர் நமக்காக முகர்ந்து சொல்கிறார், தொட்டுச் சொல்கிறார். கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் செட்டிநாட்டுப் பலகாரம் செய்யும்போது குரலை உயர்த்தாமல், அவசரமில்லாமல் இதைச் செய்வார். பக்கத்து மணையில் உட்கார்ந்து கேட்பதாகவே தோன்றும். ‘ஆஹா என்ன ருசி’ நிகழ்ச்சியில் வந்த ஜேக்கப் சகாய குமார் அருணி தென்னிந்தியப் பழஞ்சமையலைத் தேடி ஆய்ந்தவர். உத்தமபாளையத்துக்காரரான அவர் 2012இல், 38 வயதில் மறைந்தது இந்தத் துறைக்குப் பேரிழப்பு. வெங்கடேஷ் பட் விஜய் டிவியில் சமைத்தபோது ஒவ்வொரு செய்கைக்கும் காரணம் சொன்னார். ஏன் இப்போது உப்பு, ஏன் இந்தத் தீ என்று விளக்கியபடியே சிரிப்பார். அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்ற நம் பழைய கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

இந்த ஆறுதல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1963இல் பாஸ்டன் நகரத்து டபிள்யூஜிபிஎச் நிலையம் ‘தி ஃபிரெஞ்ச் செஃப்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. நெடுநெடுவென்று உயர்ந்த ஜூலியா சைல்ட் அதில் ஃபிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொடுத்தார். முதல் சில ஆண்டுகள் கறுப்பு வெள்ளை, பெரும்பாலும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது. ஒருமுறை திருப்பிப்போட்ட உருளைக்கிழங்கு அடை சட்டிக்கு வெளியே சிந்தியது. அவர் அள்ளிச் சட்டியில் போட்டு அமுக்கிவிட்டு மேலே தொடர்ந்தார். வாசனையோடு நிறத்தையும் பார்ப்பவர்களே போட்டுக்கொண்ட காலம் அது. அவருடைய வீட்டுச் சமையலறை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தேசம் அந்த அடுப்படியைத் தன் வீட்டுடையதாகவே எடுத்துக்கொண்டதற்கு அதுவே சாட்சி.

பழைய நிகழ்ச்சிகளின் இன்னொரு அழகு, தொடங்கிய வேலை முடிவது. கண்ணாடிக் கிண்ணங்களில் எல்லாம் அளந்து வைத்திருக்கும். ஊற வேண்டியது முன்பே ஊறியிருக்கும். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சியதற்குள் கொத்தமல்லி தூவி இறக்கிவிடுவார்கள். நாள் முழுக்க அரைகுறையாக நின்ற வேலைகளோடு மல்லாடியவருக்கு, கண்ணெதிரே ஒரு காரியம் ஒழுங்காக முடிவதைப் பார்ப்பதே நிம்மதி.

2019இல் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’ சமையல் போட்டி இந்த அமைதியைக் கலகலப்பாக மாற்றியது. வீடே சேர்ந்து சிரித்தது, அதுவும் நல்லதுதான். ஆனாலும் அதில் நான் காத்திருப்பது நடுவர் செஃப் தாமு ஒரு வாய் எடுத்துச் சுவைக்கும் நொடிக்குத்தான். இதற்கு நேர்மாறாக, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து 2018இல் புறப்பட்ட ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ யூடியூபுக்குள் பழைய நிதானத்தைக் கொண்டுவந்தது. வயல்வெளியில் விறகடுப்பு, அம்மியில் அரைத்த மசாலா, ஒவ்வொரு பொருளையும் போடும்போது அதன் பெயரை உரக்கச் சொல்லும் குரல்கள். புகையும் காற்றும் தவிர வேறு இசை வேண்டியிருக்கவில்லை. பெரியதம்பி தாத்தா வந்து நின்றால் பேரன்களின் சமையலுக்கு ஒரு கௌரவம் வந்துவிடும். உலகத் தமிழர்கள் அங்கே தேடியது அளவுக் குறிப்பை அல்ல, விறகுப் புகையின் மணத்தை.

திரை கேட்கும் வாசனை நம்மிடம் சேர்ந்திருந்தால்தான் இத்தனையும் நடக்கும். ஆர்டர் போட்டுப் பொட்டலத்தில் வரும் சாப்பாட்டிலேயே வளரும் பிள்ளைகளுக்கு அந்தச் சேமிப்பு குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு நல்ல நிகழ்ச்சியும் அவர்களுக்கு வெறும் படம், வெறும் சத்தம். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது அடுப்படிக் கதவைத் திறந்து வைத்துத் தாளியுங்கள், மல்லியும் மிளகும் வறுத்து வீட்டிலேயே பொடியுங்கள், பிள்ளைகள் தும்மினால் தும்மட்டும். பெரியவர்களாகி எங்கோ ஒரு ஊரில் அலுப்போடு ஒரு சமையல் நிகழ்ச்சியைப் போட்டால், அதில் சேர்க்க அவர்களிடமும் ஒரு வீட்டு வாசனை இருக்க வேண்டும்.