விற்பனையா, அனுமதியா?
இலக்கமுறை விளையாட்டுகளும் மீளளிப்பு உரிமையும் பற்றிய ஒரு மதிப்பீடு

சட்டநூல்களைத் திறனாய்வுக்கு உட்படுத்தும் வழக்கம் நம்மிடையே அரிது. எனினும் சட்டமும் சொற்களாலேயே ஆக்கப்படுகின்றது. ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கின்றது என்பது, இலக்கியத்தைப் போலவே சட்டத்திலும் அடிப்படையான வினாவாகும். 'வாங்குதல்' என்ற எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். விலையைக் கொடுத்துப் பொருளைப் பெறுதல், பெற்றதைத் தனதென வைத்திருத்தல், பழுதெனில் திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றையும் அது தன்னுள் அடக்கி நிற்பதாகவே நாம் கருதிவந்துள்ளோம். இணையவழி விற்கப்படும் கணினி விளையாட்டுகளோ இச்சொல்லைப் பிளந்துவிட்டன. கடையின் முகப்பில் 'வாங்குக' என்றிருக்கும். ஒப்பந்தத்தின் உள்ளே 'பயன்படுத்த அனுமதி' என்றிருக்கும்.

இவ்விடயத்தில் ஐரோப்பாவே பாவனையாளரின் புகலிடம் எனப் பலர் கூறுவர். அக்கூற்று ஆராயத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டுப் பாவனையாளர் உரிமைப் பணிப்புரை 2014 யூன் மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. தொலைவிலிருந்து வாங்கியதைக் காரணம் எதுவும் கூறாது 14 நாட்களுக்குள் கைவிடும் உரிமையை அது வழங்கிற்று. ஆயின் தட்டிலோ வேறு பருப்பொருளிலோ அமையாத இலக்கமுறை உள்ளடக்கத்துக்கு அது ஒரு விலக்கையும் வைத்தது. பாவனையாளர் வெளிப்படையாகச் சம்மதித்து, அதனால் உரிமை அற்றுப்போகும் என்பதையும் ஏற்றுக்கொண்டபின் பதிவிறக்கம் தொடங்குமாயின், கைவிடும் உரிமை அத்துடன் முடிகின்றது. சுருங்கக் கூறின், 14 நாள் உரிமை ஒரு பொத்தானின் ஆயுளுக்குக் குறுகிவிடுகின்றது.

பலரும் சட்டம் தந்ததாக எண்ணும் மீளளிப்பு, உண்மையில் வணிகர் தந்ததாகும். 'ஸ்ரீம்' என்ற இணையக் கடையை நடத்தும் அமெரிக்க நிறுவனமான வால்வ், 2015 யூன் மாதத்தில் ஒரு விதியை அறிவித்தது: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். இது பயனுள்ள விதி என்பதில் ஐயமில்லை. ஆனால் உரிமை வேறு, சலுகை வேறு. சலுகையைத் தருபவரே அதன் அளவையும் வகுக்கிறார். வேண்டாதபோது மாற்றவும் அவரால் இயலும்.

ஐரோப்பியச் சட்டத்தின் மெய்யான வலிமை, அதிகம் பேசப்படாத மற்றொரு பணிப்புரையில் உள்ளது. 2019 இல் இயற்றப்பட்டு 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இலக்கமுறை உள்ளடக்கப் பணிப்புரை, கூறப்பட்ட தன்மைக்கு ஒவ்வாத உள்ளடக்கத்தைத் திருத்தித் தருமாறும், விலையைக் குறைக்குமாறும், தக்க நிலைமைகளில் ஒப்பந்தத்தை முடித்துப் பணத்தைக் கோருமாறும் வழிவகுத்தது. ஒரே தடவையில் வழங்கப்படும் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, முதலாம் ஆண்டில் வெளிப்படும் குறைக்கு நிரூபிக்கும் சுமை விற்றவர்மீதே சாரும். 'மனம் மாறினேன்' என்பதற்கும் 'பொருள் பிழை' என்பதற்குமுள்ள வேறுபாட்டை இங்கு உணர்தல் வேண்டும். முன்னையதற்கு ஐரோப்பா கதவைச் சாத்திற்று, பின்னையதற்குத் திறந்தது.

திறந்த கதவும் முழுமையானதன்று. யுபிசொஃப்ட் நிறுவனம் 'தி குரூ' என்ற விளையாட்டின் சேவையகங்களை 2024 மார்ச் 31 இல் மூடியபோது, விலைகொடுத்தோர் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. இதனை எதிர்த்தெழுந்த ஐரோப்பியக் குடிமக்களின் முன்முயற்சி மனுவில் 2025 இல் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். பாவித்த விளையாட்டை மறுவிற்பனை செய்யலாம் எனப் பாரிஸ் நீதிமன்றம் 2019 இல் அளித்த தீர்ப்பையும், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022 இல் மாற்றிவிட்டது. 'வைத்திருத்தல்' என்ற பொருள் ஐரோப்பாவிலும் இன்னும் நிலைபெறவில்லை.

இனி நம் பக்கம் நோக்குவோம். பதுளையிலிருந்து நமுனுகுலைக்குச் செல்லும் வழியிலுள்ள ஸ்பிரிங்வெளியை உதாரணமாகக் கொள்ளலாம். பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் 'வெளி' ஆயிற்று. பிறர் சொல்லை இம்மக்கள் தமதாக்கிக்கொண்டனர். பிறர் எழுதிய ஒப்பந்தத்தை அவ்வாறு ஆக்கிக்கொள்ள அவர்களால் இயலவில்லை. குறித்த கடனைச் செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிப்பேன் எனத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த 'துண்டு' 1921 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தினால் தடைசெய்யப்படும்வரை, வாசிக்கமுடியாத தாளே தொழிலாளரின் நடமாட்டத்தைத் தீர்மானித்தது. அன்று பெருவிரல் கைநாட்டு வைத்தது. இன்று அப்பரம்பரையின் பெருவிரல் கைத்தொலைபேசித் திரையில் 'சம்மதம்' என்பதைத் தொடுகின்றது. இரண்டும் ஒன்றல்ல, விளையாட்டை வாங்காதிருக்க இளைஞருக்குச் சுதந்திரம் உண்டு. ஆயினும் வாசியாத சம்மதம் சம்மதமாகுமா என்ற வினா இரண்டுக்கும் பொதுவாகும்.

இழப்பின் அளவும் சிறிதன்று. 60 டொலர் விலையுள்ள ஒரு விளையாட்டு, டொலருக்கு 300 ரூபா எனக் கொண்டால், 18,000 ரூபாவாகும். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 13 நாள் உழைப்பிற்கும் மேலானது.

நமது சட்டம் வெறுமையானதென்று கூறுவதற்கில்லை. 1896 ஆம் ஆண்டுப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச்சட்டம், விற்கப்படும் பொருள் விவரணத்துக்கு இசைய வேண்டும் என்கிறது. ஆனால் 'பொருள்' என்பதை அசையும் பொருளாகவே அது கண்டது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட்டால், நட்டஈடோ மாற்றுப் பொருளோ மீளளிப்போ வழங்குமாறு அதிகாரசபை கட்டளையிடலாம். பதுளை நகரக் கடைக்காரரிடம் இது செல்லும். அமெரிக்காவிலிருந்து விற்பவரிடம் எவ்வாறு செல்லும்?

செல்லும் என்பதற்கு அவுஸ்திரேலியா சான்று. ஒப்பந்தத்தில் அமெரிக்க மாநிலமொன்றின் சட்டமே குறிக்கப்பட்டிருந்தும், தன் நாட்டுப் பாவனையாளருக்குத் தன் சட்டமே பொருந்தும் என அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2016 இல் வால்வ் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து, 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. மீளளிப்பு இல்லை எனக் கூறியது பாவனையாளரைத் தவறாக வழிநடத்தியதாகும் என்பதே குற்றத்தின் சாரம்.

ஆகவே ஒரே விளையாட்டை வாங்கிய இருவரை ஒப்பிடுக. இரண்டு மணித்தியாலத்துக்குள் பாரிஸில் இருப்பவரும் ஸ்பிரிங்வெளியில் இருப்பவரும் சமமானவர்கள். வணிகரின் சலுகை இருவருக்கும் உண்டு. மூன்றாவது மணித்தியாலத்தில் பழுது வெளிப்பட்டால், பாரிஸ்காரருக்குச் சட்டம் உண்டு. நம்மவருக்கு வேண்டுகோள் மட்டுமே உண்டு. சூரிச்சில் வாழும் உறவினரின் அட்டையால் வாங்குவதும் இதற்குப் பரிகாரமாகாது. சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை.

ஐரோப்பாவின் 14 நாட்களை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. அது ஓட்டையுள்ள பாத்திரம். வேண்டுவன மூன்று: 'பொருள்' என்பதன் வரைவிலக்கணத்துள் இலக்கமுறை உள்ளடக்கமும் அடங்குதல், இலங்கையருக்கு விற்பவர் எங்கிருந்து விற்பினும் இலங்கைச் சட்டத்துக்கு உட்படுதல், சம்மதம் கேட்கப்படும் வாசகம் வாங்குபவரின் மொழியில் அமைதல். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்ட நாட்டில் மூன்றாவது கோரிக்கை மிகையானதன்று. முதலிரண்டும் சட்டவறிஞர் பணி. மூன்றாவதோ, தமிழ் பயிலும் நாம் தொடங்கக்கூடிய பணியாகும்.