எதிர்கால யுத்தச் சித்திரக்கதை: மரபும் தரமும்

பல நூற்றாண்டுகளுக்கு அப்பால், மனித குலம் நட்சத்திரங்களினிடையே குடியேறிய பின்னரும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் மகாயுத்தங்களைக் களமாகக் கொண்டு எழுந்த சித்திரக்கதைகளை, விண்கலங்களின் வேகத்திலும் ஆயுதங்களின் விநோதத்திலும் மயங்கும் சிறுவர்களுக்கான பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் படித்தவர்களிடையே நெடுநாளாக இருந்துவருகிறது. அது அநியாயமான வழக்கம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நமது புறத்திணை இலக்கணம் வெற்றியைப் பாடும் வாகைக்கு இடம் தந்ததோடு நில்லாமல், நிலையாமையைப் பாடும் காஞ்சியையும் தனித் திணையாக வைத்துப் போற்றியது. போரைப் பொருளாகக் கொள்ளும் எந்தக் கலையும் மாண்டவரை எங்கே வைக்கிறது, அவர்களுக்காக எத்தனை பக்கம் செலவிடுகிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தை நிர்ணயிக்க வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால், இவ்வகைக் கதைகளில் சில, நாம் மதிக்கும் யுத்த நாவல்கள் பலவற்றுக்குச் சமானமாக நிற்பது தெரியவரும்.

இம்மரபின் பிரதானமான பிறப்பிடம் இங்கிலாந்து. 1958-இல் லண்டனிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘வார் பிக்சர் லைப்ரரி’யும், 1961-இல் டண்டீ நகரத்து டி.சி. தாம்ஸன் நிறுவனம் ஆரம்பித்த ‘கமாண்டோ’வும், உலக யுத்தத்தின் வீரச்செயல்களைக் கைக்கடக்கமான புத்தகங்களில் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு ஊட்டி வளர்த்தன. (1972-இல் முத்து காமிக்ஸ் மூலம் தமிழுக்கு வந்து நம்மை ஆட்கொண்ட இரும்புக்கை மாயாவியும் அக்காலத்து ஃப்ளீட்வே என்ற ஆங்கில நிறுவனத்தின் இதழ்களில் பிறந்தவனே என்பதை வாசகர்கள் நினைவுகூரலாம்.) அந்த வீரக்கதைகளின் மீது அவநம்பிக்கை கொண்ட இளைஞர்கள் எழுபதுகளில் தோன்றினார்கள், அவர்களுள் தலையாயவர் பாட் மில்ஸ். அவர் உருவாக்கிய ‘ஆக்ஷன்’ என்ற வார இதழ், அதன் வன்முறைக்காகக் கண்டனங்கள் எழுந்து, 1976 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில், அவரையே முதல் ஆசிரியராகக் கொண்டு ‘2000 ஏ.டி.’ வெளிவந்தது. நிகழ்காலத்துத் தெருக்களில் காட்டக் கூடாதென்று தடுக்கப்பட்ட உக்கிரம், எதிர்காலம் என்னும் திரைக்குப் பின்னால் சென்று சுதந்திரமாக மூச்சுவிட்டது என்றே அந்த இதழின் தோற்றத்தை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆயினும் இம்மரபின் ஆன்மாவை அறிய விரும்புவோர் முதலில் படிக்க வேண்டிய கதை எதிர்காலத்தைப் பற்றியதே அன்று. 1979 ஜனவரியில் ‘பேட்டில்’ இதழில் மில்ஸ் எழுத, ஜோ கஹூன் வரையத் தொடங்கிய ‘சார்லிஸ் வார்’, வயதை மறைத்துப் பட்டாளத்தில் சேர்ந்த பதினாறு வயதுத் தொழிலாளி வீட்டுப் பையன் ஒருவனை 1916-இன் ஸோம் போர்க்களத்துச் சேற்றில் இறக்கிவிட்டு, அவன் தோழர்கள் ஒவ்வொருவராக மடிவதைப் பொறுமையோடும் துயரத்தோடும் சொல்லிச் சென்றது. பதுங்குகுழி, விஷவாயு, பின்வரிசையில் சுகமாக இருந்துகொண்டு உத்தரவிடும் தளபதி ஆகிய மூன்றும் பின்னர் வந்த எதிர்காலக் கதைகளிலெல்லாம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. வேற்றுக் கிரகங்களில் நடப்பதாகச் சொல்லப்படும் இந்த யுத்தங்களின் மண் பெரும்பாலும் பிரான்ஸ் தேசத்து மண்தான்.

அதற்கு உத்தமமான உதாரணம், 1981-இல் ‘2000 ஏ.டி.’ இதழில் ஜெரி ஃபின்லி-டே எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்து தொடங்கிய ‘ரோக் ட்ரூப்பர்’. நியூ எர்த் என்ற கிரகத்தில் நார்ட்டுகளும் சவுதர்களும் இடைவிடாது போரிட்டு, காற்றையே விஷமாக்கிவிட்டார்கள். சிப்பாய்கள் உடல் முழுவதையும் மூடிய கவச உடையின்றி வெளியே வர இயலாது. அந்த உடையில் விழும் சிறு கிழிசல் மரணத்துக்குப் போதுமானது. அக்காற்றைச் சுவாசிக்கும் வண்ணம் சவுதர் விஞ்ஞானிகள் சோதனைச்சாலையில் உற்பத்தி செய்த நீலநிற மேனியரான காலாட்படையினர், தம் தரப்புத் தளபதி ஒருவனின் துரோகத்தால், குவார்ட்ஸ் ஸோன் என்ற இடத்தில் இறங்கிய மாத்திரத்தில் கூண்டோடு கொல்லப்படுகிறார்கள். ஒருவன் மட்டும் பிழைக்கிறான்.

இதுவரை சொன்னது சாமர்த்தியமான எந்த எழுத்தாளருக்கும் எட்டக்கூடிய கற்பனை. இதற்கு மேல் ஃபின்லி-டே செய்ததுதான் கதையை உயர்ந்த நிலைக்குக் கொண்டுசெல்கிறது. அப்படையினர் ஒவ்வொருவரின் தலையிலும் ஒரு சில்லு பதிக்கப்பட்டிருக்கிறது. உயிர் பிரிந்த ஒரு நிமிஷத்துக்குள் அதை எடுத்து வேறொரு கருவியில் பொருத்திவிட்டால், மாண்டவனின் நினைவும் குணமும் குரலும் அழியாமல் நிற்கும். பிழைத்தவன் தன் தோழர்கள் மூவரின் சில்லுகளைத் துப்பாக்கியிலும் தலைக்கவசத்திலும் முதுகுப்பையிலும் பொருத்திக்கொண்டு, பட்டாளத்தின் உத்தரவை உதறிவிட்டு, துரோகியைத் தேடிப் புறப்படுகிறான். அன்றுமுதல் இரு தரப்பாருக்கும் அவன் தேடப்படும் குற்றவாளி. இறந்தவர்கள் அவனோடு வழக்காடுகிறார்கள், எச்சரிக்கிறார்கள், கோபிக்கிறார்கள். புதிய உடல் கிடைக்குமா என்று ஏங்குகிறார்கள். படையோ அந்தச் சில்லுகளை மறுபடியும் பயன்படுத்தத்தக்க தளவாடமாகவே மதிக்கிறது. சிப்பாயின் மரணத்தைக்கூட அவனுக்கு உரியதாக விட்டுவைக்காத அதிகாரத்தையும், மாண்டவரின் பாரத்தை முதுகில் சுமந்து நடக்கும் நட்பையும் இத்தனை எளிய உத்தியால் எதிரெதிரே நிறுத்திய கதை வேறொன்று இத்துறையில் எனக்குத் தெரியாது. கறுப்பு மையால் கிப்பன்ஸ் எழுப்பிய வாயுமண்டலமும், அவருக்குப் பின் வந்த காலின் வில்ஸன், காம் கென்னடி ஆகியோரின் சிதைந்த நிலப்பரப்புகளும் இக்கதைக்கு வாய்த்த பெரும் பாக்கியம். ஆனால் துரோகியின் கணக்குத் தீர்ந்ததும் கதை திசை தெரியாமல் தளர்ந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

அதே இதழில் முன்பின்னாக வந்த மற்றவற்றுள், ‘தி வி.சி.ஸ்’ ஒரு சிறு படைப்பிரிவு விண்வெளிப் போரில் சிறிது சிறிதாகக் கரைவதைச் சொன்னது. ‘ஏ.பி.சி. வாரியர்ஸ்’ மனிதருக்காகப் போரிட்டு அலுத்த இயந்திரங்களின் கதை. அதில் வேகம் உண்டு, ஆழம் விட்டுவிட்டுத்தான் வரும். 1986-இல் பீட்டர் மில்லிகன் எழுத, பிரெட் யூவின்ஸும் ஜிம் மெக்கார்த்தியும் வரைந்த ‘பேட் கம்பெனி’ இவ்விரண்டையும் விட மேலானது. அராராட் என்ற கிரகத்தில் க்ரூல் என்னும் பகைவரோடு போரிடும் ஒரு விகாரமான கூட்டத்தில் அகப்பட்ட டேனி ஃபிராங்க்ஸ் என்ற இளைஞனின் நாட்குறிப்பாக அது நகர்கிறது. கூட்டத்தின் தலைவன் கேனோவின் மூளையில் பாதி பகைவருடையது. பகைவனை வெல்லப் பகைவனாகவே மாறிவிடும் அபாயத்தை உபதேசமாகச் சொல்லாமல், ஒரு தலையோட்டுக்குள் வைத்துக் காட்டிய துணிவு மெச்சத்தக்கது.

1987-இல் நாட்டிங்ஹாம் நகரத்து கேம்ஸ் வொர்க்ஷாப் வெளியிட்ட ‘வார்ஹாமர் 40,000’ என்ற மேசை விளையாட்டு, இந்த இருண்ட எதிர்காலத்தை ஒரு சாம்ராஜ்யமாகவே விஸ்தரித்தது. உயிருமின்றிப் பிணமுமின்றிப் பதினாயிரம் ஆண்டுகளாக ஆசனத்தில் அமர்ந்திருக்கும் சக்கரவர்த்தியும், அவருக்காக நாள்தோறும் பலியிடப்படும் ஆயிரம் உயிர்களும், பிரம்மாண்டத்தில் ஈடு இணையற்ற கற்பனைகள். 1998 முதல் 2004 வரை வெளிவந்த ‘வார்ஹாமர் மன்த்லி’ இதழில் டான் ஆப்னெட், கார்டன் ரென்னி முதலிய தேர்ந்த கைகள் இவ்வுலகைச் சித்திரக்கதையாக்கின. ஆனால் கோடிக்கணக்கில் மனிதர் மாளும் உலகத்தில் ஒரு மனிதனின் மரணம் எடையிழந்துபோவது எளிது. கவசத்தின் அழகில் தூரிகை லயித்து நிற்கும் பக்கங்களில் காஞ்சி மறைந்து வாகை மட்டும் மிஞ்சுகிறது. இச்சம்பிரதாயத்தில் எழுதுவோர் எந்நேரமும் அஞ்ச வேண்டிய அபாயம் இது.

பிரெஞ்சு மொழிப் பள்ளியின் மனோதர்மம் வேறு. ஹோடொரோவ்ஸ்கி எழுத, அர்ஜென்டீனா ஓவியர் ஹுவான் ஹிமெனெஸ் 1992 முதல் வண்ணம் தீட்டிய ‘மெட்டபாரன்கள்’, ஒவ்வொரு வாரிசும் அங்கபங்கப்பட்டு, தந்தையைக் கொன்று பட்டமேறும் ஒரு வம்சத்தின் சரித்திரம். கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் சாயல் அதில் உண்டு. எனினும் என் மனம் சாய்வது, வியட்நாமில் போரிட்டுக் காயமுற்ற ஜோ ஹால்டெமனின் நாவலை அவரது துணையோடு பெல்ஜிய ஓவியர் மார்வானோ 1988-இல் சித்திரமாக்கத் தொடங்கிய ‘முடிவற்ற யுத்தம்’ பக்கமே. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்யும் சிப்பாய்க்குச் சில மாதங்கள் கழிவதற்குள் பூமியில் பல தலைமுறைகள் கழிந்துவிடுகின்றன. அவன் திரும்பி வரும்போது ஊர் இருக்கிறது, உறவு இல்லை.

ஜப்பானில் மியாஸாகி 1982 முதல் 1994 வரை ஏழு தொகுதிகளாக வரைந்த ‘நௌஸிகா’, நாகரிகம் எரிந்தழிந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இரு பேரரசுகள் மோதும் கதை. ஆயுதமாக வளர்க்கப்பட்ட பூஞ்சணம் வளர்த்தவர்களின் நாட்டையே விழுங்கும் அத்தியாயங்களில் இத்துறையின் சிகரம் ஒன்று இருக்கிறது. அதே கதையின் திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்கள் இந்த யுத்தத்தின் முழு விஸ்தீரணத்தை அறிய மாட்டார்கள்.

2014-இல் ரென்னி எழுத, சைமன் கோல்பி வரைந்து ‘2000 ஏ.டி.’யில் தொடங்கிய ‘யேகர்’, நியூ எர்த் யுத்தத்தை இதுவரை பகைவராகவே நாம் கண்ட நார்ட்டுகளின் பக்கத்திலிருந்து சொல்கிறது. கதாநாயகி அவர்களுள் ஓர் அதிகாரி. போரில் உடலும் மனமும் காயப்பட்டவள். தன் நாட்டுப் படைக்குள்ளேயே போர்க்குற்றம் இழைத்தவர்களைத் தேடிப் பிடிப்பது அவள் உத்தியோகம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முகமூடி அணிந்து, குண்டுபட்டு விழுவதற்கென்றே கதைக்குள் வந்துபோன அந்தக் கூட்டத்துக்கு ஊரும் தாய்தந்தையரும் குற்றவுணர்ச்சியும் உண்டென்று காட்டி, அவர்களுடைய பிணங்களையும் கணக்கில் சேர்த்திருக்கிறார் ரென்னி.