ஆண் மலட்டுப் பயிர்: மைட்டோகாண்ட்ரியத் துளைப் புரதமும் வீரிய ஒட்டு விதையும்

கம்பு, சோளம், நெல் ஆகிய பயிர்களில் வீரிய ஒட்டு விதை உற்பத்தி பெரும்பாலும் சைட்டோபிளாச ஆண் மலட்டுத்தன்மையை நம்பியே நடக்கிறது. மகரந்தம் உண்டாக்காத செடியைப் பெண் வரிசையாகவும் வேறொரு ரகத்தை ஆண் வரிசையாகவும் நட்டால், பெண் வரிசையில் விளைவதெல்லாம் ஒட்டு விதைதான். இந்த மலட்டுத்தன்மைக்கான ஜீன் செல்லின் உட்கருவில் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா இப்பயிர்களில் தாய்வழியே இறங்குவதால் மலட்டுத்தன்மையும் தாய்வழியே தொடர்கிறது. இம்முறையின் பலத்தையும் ஆபத்தையும் எடைபோட, மைட்டோகாண்ட்ரியச் சவ்வில் புரதங்கள் செய்யும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் விடாக் என்னும் துளைப் புரதம் நிறைந்திருக்கிறது. பீட்டா இழைகள் 19 சேர்ந்து பீப்பாய் வடிவில் வளைந்த அமைப்பு அது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி (ATP), அது சிதைந்து உண்டாகும் ADP, பாஸ்பேட் போன்ற சிறு பொருள்கள் அதன் வழியே போய்வருகின்றன. சவ்வின் மின்னழுத்தம் கூடினால் துளை ஓரளவு குறுகும். விலங்கிலும் தாவரத்திலும் இந்த அமைப்பு பெரிதும் ஒத்திருக்கிறது.

உட்சவ்வின் நிலை வேறு. சுவாசச் சங்கிலி வெளியே தள்ளும் புரோட்டான்கள், அணையில் தேங்கிய நீரைப் போல, ஏடிபி சிந்தேஸ் வழியாகத் திரும்பி வரும்போதுதான் ஏடிபி உண்டாகிறது. அதனால் உட்சவ்வில் திறப்புகள் கட்டுப்பாட்டோடுதான் இருக்க முடியும். கால்சியத்தை உள்ளே விடும் எம்சியு கால்வாயின் புரதம் 2011ல் அடையாளம் காணப்பட்டது. பாலூட்டிகளின் பழுப்புக் கொழுப்பில் யுசிபி1 என்னும் புரதம் புரோட்டான்களைக் குறுக்கு வழியில் உள்ளே விட்டு, ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. இங்கே கசிவும் உடலுக்குத் தேவையான ஒரு வேலைதான். கட்டுப்பாடில்லாத துளை விழுந்தால் மட்டும் செல் அழிவை நோக்கிப் போகிறது.

அப்படியொரு துளை மக்காச்சோளத்தில் இருந்தது. 1940களில் டெக்சாஸில் கண்டறியப்பட்ட டி-சைட்டோபிளாசத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் டி-யுஆர்எப்13 என்னும் ஜீன் உண்டு. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டதில் பிறந்த ஜீன் இது. 1986ல் விவரிக்கப்பட்ட இதன் புரதமான யுஆர்எப்13 வெறும் 115 அமினோ அமிலங்கள் கொண்டது. உட்சவ்வில் பதிந்து, பல மூலக்கூறுகள் கூடித் தொகுதியாக நிற்கும். சாதாரணமாக இலையோ வேரோ இதனால் பாதிக்கப்படுவதில்லை. மகரந்தப் பையின் உள்ளடுக்கான டபீட்டம் மட்டும் விதிவிலக்கு. மகரந்தம் உருவாகும் பருவத்தில் அச்செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கை 40 மடங்கு வரை பெருகுகிறது. அந்தச் சுமையில்தான் குறை வெளிப்பட்டு டபீட்டம் சிதைகிறது என்பது பரவலான விளக்கம்.

இந்தக் குறையே விதை உற்பத்தியாளருக்கு வசதியானது. ஏ, பி, ஆர் என மூன்று வரிசைகள் வைத்தால் போதும். ஏ மலட்டுத் தாய். பி அதே உட்கருவும் நல்ல மைட்டோகாண்ட்ரியாவும் கொண்டு ஏ வரிசையைப் பெருக்கித் தரும். ஆர் வரிசையின் மீட்பு ஜீன்கள் ஒட்டு விதையில் முளைத்த பயிருக்கு மகரந்தத்தைத் திருப்பித் தருகின்றன. மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்து உச்சியில் தனியாக நிற்பதால் கையாலேயே ஒடித்துவிடலாம். கம்பில் அது நடக்காது. ஒரு கதிரில் நூற்றுக்கணக்கான நுண்ணிய இருபால் பூக்களின் மகரந்தப் பைகளைக் கையால் நீக்குவது வயல் அளவில் இயலாத காரியம். கம்பில் சூல்முடி முதலில் வெளிவரும் இயல்பை நம்பி, 1950களில் சென்னை மாகாணத்தில் இரு ரகங்களைக் கலந்து விதைத்து எக்ஸ்1 போன்ற ஒட்டுகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி விதை மட்டுமே உண்மையான ஒட்டாக இருந்தது. ஆண் மலட்டுத் தாய் வந்த பிறகுதான் முழு ஒட்டு விதை கைகூடியது. ஆக, மக்காச்சோளத்தில் இம்முறை கூலியை மிச்சப்படுத்தியது, கம்பிலோ வேறு வழியே இருக்கவில்லை.

குறை 1970ல் அமெரிக்காவில் வெடித்தது. அப்போது அந்நாட்டு மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் டி-சைட்டோபிளாசத்தில் நின்றது. இலைக்கருகல் பூஞ்சையின் டி-இனம் சுரக்கும் நஞ்சு யுஆர்எப்13ஐப் பற்றியதும் உட்சவ்வில் துளை திறந்துவிடும். கால்சியமும் என்ஏடி என்னும் துணைநொதியும் கசிய, ஏடிபி உற்பத்தி நின்றுபோகும். மீட்பு ஜீன்களால் இதைத் தடுக்க முடியவில்லை. அவை மகரந்தத்தைத் திருப்பித் தந்தாலும் புரதத்தை முழுவதும் நீக்குவதில்லை. அந்த ஆண்டு நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று. டி-சைட்டோபிளாசம் இந்நோய்க்கு எளிதில் இலக்காவதை 1961லேயே பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் பதிவு செய்திருந்தனர். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் இந்த ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்தியபோது பாக்டீரியாவும் அதே நஞ்சுக்கு ஆளானது. குற்றவாளி இந்த ஒற்றைப் புரதம்தான் என்பதற்கு இது நேரடிச் சான்று.

இந்தியாவில் கம்புக்கு நேர்ந்தது இதைப் போலவே தோன்றும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் டிப்டனில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிப்ட் 23ஏ என்ற தாயைக் கொண்டு, லூதியானாவில் தில்பாக் சிங் அத்வாலின் குழு உருவாக்கிய எச்பி1 ஒட்டு 1965ல் வெளியானது. அதைத் தொடர்ந்த எச்பி வரிசை ஒட்டுகளுக்கும் அதே தாய்தான். 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அவற்றைத் தாக்கியது. கதிரில் மணி பிடிக்க வேண்டிய இடத்தில் இலை போன்ற பச்சைக் கொத்து முளைத்தது. நோய்க்கிருமியின் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கின. பழி முதலில் சைட்டோபிளாசத்தின் மேல் விழுந்தது. பிற்கால ஒப்பீட்டு ஆய்வுகள் நோய்க்கு இடம் கொடுத்தது அந்தத் தாயின் ஏ1 என்னும் சைட்டோபிளாசம் அல்ல, டிப்ட் 23இன் உட்கரு ஜீன்கள்தான் எனக் காட்டின.

இரண்டு அழிவுகளுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. மக்காச்சோளத்தில் சைட்டோபிளாசத்தையே கைவிட்டுப் பூங்கொத்தை ஒடிக்கும் பழைய முறைக்குத் திரும்ப நேர்ந்தது. கம்பில் சைட்டோபிளாசத்தை வைத்துக்கொண்டு தாயை மட்டும் மாற்றினார்கள். டிப்ட் 23 வரிசையைக் கதிர்வீச்சால் மாற்றி நோய் தாங்கும் தாய்கள் எடுக்கப்பட்டன. அரியானாவில் குறுகிய காலத்தில் விளையும் எச்எச்பி 67 ஒட்டின் பெற்றோரில் டிஎன்ஏ அடையாளங்களைக் கொண்டு எதிர்ப்பு ஜீன்களைச் சேர்த்து, 2005ல் மேம்படுத்திய வடிவம் வந்தது.

இரண்டிலும் பொதுவான தவறு, ஒரே தாயைப் பல கோடி செடிகளில் நிரப்பியது. அது இன்னும் முழுவதும் தீரவில்லை. இந்தியக் கம்பு ஒட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் ஏ1 சைட்டோபிளாசத்தைச் சேர்ந்தவைதான். ஏ4, ஏ5 சைட்டோபிளாசங்கள் இருந்தும் அவற்றுக்கேற்ற ஆர் வரிசைகள் அரிது. விதை வயலில் கவனமும் குறையக் கூடாது. சான்று ஒட்டு விதை வயலுக்கு 200 மீட்டர் தனிமைத் தூரம் வேண்டும். பெண் வரிசையில் மகரந்தம் உதிர்க்கும் கலவன் ஒன்று தப்பினாலும் விதைத்தூய்மை கெடும். உழவர் அறுவடையிலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த பருவத்தில் பண்புகள் பிரிந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் விதைச் செலவும் உண்டு.

விதை வாங்கும் வசதி குறைந்த இடங்களுக்கு ஒட்டல்லாத ரகங்கள் மாற்றாக உள்ளன. பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் உருவாக்கிய ஐசிடிபி 8203 அவற்றில் ஒன்று. அதிலிருந்து இரும்புச்சத்து மிகுதியாகத் தேர்ந்தெடுத்த தனசக்தி 2012ல் மகாராஷ்டிரத்தில் வெளியானது. ஒட்டுகளின் விளைச்சல் இவற்றில் கிடைக்காது, ஆனால் விதையைச் சேமித்து மறுபடி விதைக்கலாம். ஒரு செடியைப் போல மறுசெடி இராததால் ஒரே நோய் வயல் முழுவதையும் வீழ்த்துவது கடினம். ஆண் மலட்டு முறை கம்பு போன்ற பயிர்களுக்கு இன்றியமையாத கருவி. அதன் ஒரே வடிவத்தில் நாடு முழுவதும் நிற்காமல், வெவ்வேறு சைட்டோபிளாசங்களிலும் வெவ்வேறு தாய்களிலும் ஒட்டுகளைப் பரப்பி, ஒட்டல்லாத ரகங்களையும் கூடவே வைத்திருந்தால்தான் அதன் பயன் நிலைக்கும்.