ஒரே தொண்டையில் அப்பாவும் மகனும்

பாடகர் கேட் ஸ்டீவன்ஸின் ‘ஃபாதர் அண்ட் சன்’ பாட்டு 1970-இல் ‘டீ ஃபார் த டில்லர்மேன்’ தொகுப்பில் வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பத் துடிக்கும் மகன், பொறுத்துப் போகச் சொல்லும் அப்பா. இரண்டு பேருக்கும் பாடுபவர் ஒருவரே. மெட்டும் ஏறக்குறைய ஒன்றே. அப்பாவுக்கு அடிக்குரல், மகன் வாய் திறந்ததும் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறிவிடுகிறது.

முதலில் கேட்டபோது இதை ஒரு சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கவனித்த பிறகே எண்ணம் மாறியது. அப்பா மகனை ‘நீ’ என்று நேராக விளிக்கிறார். மகன் ஒரு தடவைகூட அப்பாவைப் பார்த்துப் பேசுவதில்லை. ‘அவர்’ என்று நம்மிடம் முறையிடுகிறான். கடைசியில் அந்த ‘அவர்’கூட ‘அவர்கள்’ ஆகிவிடுகிறது. மகன் குமுறி முடித்த பிறகு அப்பா என்ன சொல்கிறார்? ஓரிரு சொல் மாற்றத்தோடு அதே பழைய புத்திமதி. பிற்பாதியில் ஒருவர் பாடும்போதே அடியில் கிட்டார்காரர் அலன் டேவிஸின் பின்குரல் முணுமுணுக்கிறது. இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் பேச, யாரும் யாரையும் கேட்பதில்லை. வீட்டுச் சண்டை அப்படியே.

பாட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. 1969-இல் காசநோயில் விழுந்தெழுந்த ஸ்டீவன்ஸ், நடிகர் நைஜல் ஹாதார்னோடு சேர்ந்து ஓர் இசை நாடகத்துக்குத் திட்டமிட்டிருந்தார். களம் ரஷ்யப் புரட்சி. மகன் புரட்சியில் சேரப் போகிறான். குடியானவரான அப்பா நிலத்தோடு இருக்கச் சொல்கிறார். நாடகம் நடக்கவில்லை, பாட்டு மட்டும் மிஞ்சியது. ரஷ்யா உதிர்ந்துபோனதால்தான் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அதில் தங்களைப் பொருத்திக்கொள்ள முடிகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் அப்பா. வயலும் அறுப்பும் பாட்டில் இருந்திருந்தால், ‘போகாதே’ என்பதற்குப் பின்னால் ஒரு காரணம் நின்றிருக்கும். இப்போது அவரிடம் எஞ்சியிருப்பது கால்கட்டு போட்டுக்கொள், பொறுமையாக இரு என்பதுதான். மகன் எதற்காகப் போகிறான் என்பதும் தெரியவில்லை. ஆனால் இளைஞனின் தவிப்புக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. கிழவரின் அறிவுரைக்குத்தான் கேட்கிறார்கள். உச்சக்குரல் வேறு அவன் பக்கம். தராசு சாய்ந்துதான் இருக்கிறது.

இந்தச் சாய்வை ஓரளவு நிமிர்த்துவது அந்த ஒற்றைக் குரலே. அப்பாவின் வரிகளில் அதட்டல் இல்லை, தழுதழுப்பு இருக்கிறது. மறுத்துப் பேசும் மகனின் தொண்டையிலேயே அப்பா ஏற்கெனவே குடியேறிவிட்டார். ஹாரி சாப்பின் 1974-இல் பாடிய ‘கேட்ஸ் இன் த கிரேடில்’ பாட்டிலும் மகன் அப்பாவைப் போலவே ஆகிறான். ஆனால் அங்கே அதைக் கதையாகச் சொல்லி, முடிவில் பாடத்தையும் கையில் திணித்துவிடுகிறார்கள். இங்கே குரலே சொல்லிவிடுகிறது.

யூசுஃப் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஸ்டீவன்ஸ் இதை மறுபடி பதிவு செய்து 2020-இல் வெளியிட்டார். அப்பாவாகப் பாடுபவர் முதிய யூசுஃப். மகன், 1970-இல் லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடோர் அரங்கில் பதிவான 22 வயது ஸ்டீவன்ஸ். இங்கே அப்பாவின் சொல்லுக்கு வயதின் கனம் கிடைத்திருக்கிறது. தன்னை முதியவன் என்று அவர் சொல்லிக்கொள்வதை நம்ப முடிகிறது. ஆனாலும் எனக்குப் பழையதே உசத்தி. குரல்கள் இரண்டாகப் பிரிந்ததும், மகனுக்குள் ஒளிந்திருந்த அப்பா வெளியே வந்துவிட்டார். எதிரே இருப்பதோ ஐம்பது வருடத்துப் பழைய ஒலிநாடா. இந்தத் தடவை அப்பா எவ்வளவு கனிந்து பாடினாலும் அவனுக்குக் கேட்காது.