எண்ணிக்கையும் வேளையும்: தொலைக்காட்சிப் பார்வையாளர் கணக்கு, கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தொலைக்காட்சி பற்றித் தமிழில் எழுதப்பெறும் திறனாய்வுகள் பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தையே பேசுகின்றன. எந்த நாடகம் பிற்போக்கானது, எந்தச் செய்தி பக்கஞ்சார்ந்தது என்னும் வினாக்கள் அவசியமானவைதாம். ஆயின் ஒரு நிகழ்ச்சி எத்தனை மணிக்கு ஒளிபரப்பாகிறது, அவ்வேளையில் வீட்டில் இருப்போர் யாவர், அவர்களை எண்ணுபவர் எவ்வாறு எண்ணுகிறார் என்பன உள்ளடக்கத்துக்கு முந்திய வினாக்களாகும். நேர அட்டவணையை நிருவாகிகளின் அலுவலக விடயம் என்று நாம் ஒதுக்கி வந்துள்ளோம். அம்பாறை மாவட்டக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களாகிய மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகியவற்றை மனத்திற்கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது ஒலிபரப்பு நிறுவனங்கள் பிரித்தானிய மாதிரியைத் தழுவி எழுந்தவையாதலின் அங்கிருந்து தொடங்குதல் பொருந்தும். பீ.பீ.சி.யின் முதற் பணிப்பாளர் நாயகமாகிய ஜோன் றீத், கேட்போர் விருப்பத்தை அளந்து அதற்கேற்ப நிகழ்ச்சி அமைக்கும் கருத்தை உவந்தவரல்லர். 1936இலேதான் ரொபேர்ட் சில்வியின் பொறுப்பில் அங்கு நேயர் ஆய்வு தொடங்கிற்று. 1955இல் விளம்பர வருவாயில் இயங்கும் ஐ.ரீ.வி. தோன்றியபின் எண்ணிக்கை வேறொரு தன்மை பெற்றது. பார்வையாளரே விற்கப்படும் பண்டமாயினர். இவ்வுண்மையை டலஸ் ஸ்மைத் 1977இல் மார்க்சிய நோக்கில் எடுத்துரைத்தார். பீ.பீ.சி. மக்களை நேரில் வினவிக் கணக்கெடுத்தது, ஐ.ரீ.வி. தரப்பு வீடுகளிற் பொருத்திய மீற்றர் கொண்டு கணக்கெடுத்தது. ஒரே இரவுக்கு இரு தரப்பும் இரு வேறு கணக்குகளைக் காட்டிய காலம் அது. இப்பூசல் தீர்வதற்கென்றே 1981இல் இரு தரப்பும் இணைந்து 'பார்ப்' என்னும் பொது அமைப்பை நிறுவின. எண்ணிக்கை இயற்கையாகக் கிடக்கும் பொருளன்று, அது எண்ணும் முறையால் ஆக்கப்படுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அட்டவணையைப் பொறுத்தும் அந்நாட்டில் நாம் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. 1957 பெப்ரவரி வரையில் மாலை 6 மணி முதல் 7 மணி வரை அங்குத் தொலைக்காட்சி இயங்கவில்லை. பிள்ளைகளின் நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று தாய்மார் அவர்களை உறங்க வைப்பதற்காக அந்த ஒரு மணி நேரம் திரை வெறுமையாய் விடப்பட்டது. ஞாயிறு மாலைகளில் தேவாலய வழிபாட்டு வேளைக்கென்று பல ஆண்டுகள் சமய நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே இடமளிக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் வீட்டு ஒழுங்கையும் வழிபாட்டையும் அறிந்து அவற்றுக்கு ஒலிபரப்பு விட்டுக்கொடுத்த காலம் இருந்தது. பிள்ளைகளின் அந்த ஒரு மணி நேரம் நீக்கப்பட்டமைக்கு உந்துதலாயிருந்தது ஐ.ரீ.வி. இழந்துகொண்டிருந்த விளம்பர வருவாய் என்பதையும் மறந்துவிடலாகாது.

இன்னொரு நிகழ்ச்சி எமது வாதத்துக்கு இன்னும் அண்மையது. 1986இல் பீ.பீ.சி. 'நெய்பர்ஸ்' என்னும் அவுஸ்திரேலியத் தொடரைப் பகல் வேளையில் ஒளிபரப்பத் தொடங்கியது. பாடசாலை மாணவர் அதனைக் காண முடியாதிருப்பதைத் தம் மகள் வாயிலாக அறிந்த மைக்கல் கிரேட், அதன் மறு ஒளிபரப்பை 1988 ஜனவரியில் மாலை 5.35க்கு மாற்றுவித்தார். தொடரில் ஒரு சொல்லும் மாறவில்லை. பார்வையாளர் தொகையோ பன்மடங்கு பெருகிற்று. எண்ணிக்கையைக் கொண்டு நேரம் ஒதுக்கப்படுவதாகவே நிறுவனங்கள் சொல்வது வழக்கம். உண்மையில் நேரம் எண்ணிக்கையைப் பிறப்பிக்கிறது. பிறந்த எண்ணிக்கை பின்னர் அதே நேரத்துக்கு நியாயமாகக் காட்டப்படுகிறது. இந்தச் சுழலை மனத்திலிருத்தி இனி எமது நாட்டுக்கு வருவோம்.

இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஆரம்பமாயின. ஒரே அலைவரிசையை மூன்று மொழிகள் பங்கிட்டுக்கொண்ட அக்காலத்தில் இரவு 8 மணி சிங்களச் செய்திக்கு உரியதாயிற்று. தமிழுக்குக் கிடைத்தது முன்மாலை. பெரும்பான்மை மொழிக்கு முதன்மை நேரம் என்பது எண்ணிக்கையின்படி நேரியதாகத் தோன்றலாம். தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்ப்போர் தொகை குறைவு, ஆதலால் நேரமும் அவ்வளவே என்னும் வாதத்தை நாம் பலகாற் கேட்டுள்ளோம்.

அந்த முன்மாலை கல்முனைக் கரையில் எத்தகைய வேளை என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நிலநடுக்கோட்டை அண்டிய இப்பகுதியிற் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.45க்கும் 6.30க்கும் இடையிலேயே அமைகிறது. அதுவே மஃரிப் தொழுகையின் நேரம். பாங்கொலி எழுந்ததும் கடைத்தெருவிற் கதவுகள் சாத்தப்படுகின்றன. ஆண்கள் பள்ளிவாசலுக்குச் செல்கின்றனர். பெண்கள் வீட்டிலே தொழுகின்றனர். சிறுவர் ஓதுவதற்கு அமர்கின்றனர். பக்கத்தேயுள்ள காரைதீவிலும் பாண்டிருப்பிலும் அது விளக்கு வைக்கும் பொழுது. தொழுகை முடிந்து பெட்டிக்கு முன் வந்தமரும் வேளையில் தமிழ் முடிந்துவிடும், அல்லது முடியுந் தறுவாயில் இருக்கும். நாட்டின் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களுக்கு அவர்களது மொழியில் அளிக்கப்பட்ட நேரம் அவர்களது சமயம் அவர்களை அழைக்கும் நேரமாக அமைந்தது. இதனைத் திட்டமிட்ட வஞ்சனை என்று நாம் கூறவரவில்லை. அட்டவணை வரைந்தவரின் மனக்கண்ணில் தமிழ் நேயர் என்றொருவர் இருந்தார். அவர் மஃரிப் தொழுபவராக இருக்கவில்லை. பிரித்தானியாவிற் பிள்ளையின் உறக்கத்துக்கும் ஞாயிறு வழிபாட்டுக்கும் இடங்கொடுத்த அதே மாதிரி எம்மிடம் வந்தபோது அதன் கருவி மட்டும் வந்தது; அந்தக் கரிசனை கப்பலேறவில்லை.

கணக்கெடுப்பின் நிலை இதனினும் நுணுகி நோக்கத்தக்கது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களில் ஏறத்தாழ 43 வீதத்தினர் முஸ்லிம்கள். மாவட்டத்தின் மக்கள் தொகையோ நாட்டின் தொகையில் 3 வீதத்தைச் சற்றே கடந்தது. உதாரணத்துக்காக நாடு முழுவதற்குமாக 500 வீடுகளில் மீற்றர் பொருத்தப்படுவதாகக் கொள்வோம். மக்கள் தொகை விகிதப்படி அம்பாறை முஸ்லிம்களுக்கு உரியவை 7 வீடுகள் மாத்திரமே. அவற்றுள் ஒன்றிற் கலியாணம் நடந்தால் அன்றைய தினம் இக்கரையின் பார்வையாளர் தொகை ஏழில் ஒரு பங்கு வீழ்ந்துவிடும்! நாடு முழுவதற்கும் கூட்டிச் சொல்லும்போது ஓரளவு நம்பத்தக்கதாயுள்ள எண், ஒரு பிரதேசத்துச் சிறுபான்மையைப் பற்றிப் பேசும்போது ஏறத்தாழ மௌனமாகிவிடுகிறது என்பதே புள்ளியியல் தரும் பாடம். விளம்பரதாரரின் மேசையில் அந்த மௌனம், 'அங்கு எவரும் பார்ப்பதில்லை' என்று வாசிக்கப்படுகிறது.

மீற்றர் வீட்டையே அலகாகக் கொள்கிறது என்பதும் கருதத்தக்கது. எழுபதுகளின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்குக்குத் தொழில்தேடிச் சென்றோர் கொணர்ந்த பெட்டிகளே இவ்வூர்களிற் பலவற்றுக்கு முதற் பெட்டிகள். ஒரு பெட்டிக்கு முன் மூன்று நான்கு குடும்பங்கள் பாய் விரித்திருந்த காலமது. அதனை எந்த அலகால் அளப்பது? மறுபுறத்தில், தொலைக்காட்சி கூடுமா கூடாதா என்று வாதிட்டுப் பெட்டியே வாங்காதிருந்த வீடுகளும் இருந்தன. கரைவலைக்கும் வயற்காவலுக்கும் சென்றோர் இரவுப் பார்வையாளராக எண்ணப்பட வாய்ப்பில்லை.

மீற்றருக்கு முற்பட்ட எண்ணல் முறையொன்று எம்மிடம் இருந்தது. இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையின் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளுக்கு அஞ்சலட்டைகள் குவிந்தன. அறிவிப்பாளர் பாடலுக்கு முன் பெயரையும் ஊரையும் வாசித்தார். தறியில் இருந்தவாறே வானொலி கேட்ட மருதமுனை நெசவாளி தன் ஊர்ப்பெயரைக் கொழும்பின் குரலிற் கேட்டார். முஸ்லிம் நிகழ்ச்சிகள் அச்சேவையில் தமக்கெனத் தனியிடம் பெற்றிருந்தன. ரமழான் முடிவிற் பிறை பற்றிய அறிவித்தலுக்காக ஊர் முழுதும் வானொலியைச் சூழ்ந்திருந்த இரவுகளை அறிந்தோர், அப்பிரதேசத்தின் மிகப் பெரிய நேயர் கூட்டம் எது என்பதில் ஐயங்கொள்ளார். அறிவியல் நோக்கில் அஞ்சலட்டை மிகக் குறைபாடுடைய கருவி. எழுதத் தெரிந்தவரும் முத்திரைக்குக் காசுள்ளவருமே அதில் இடம்பெற்றனர். ஆயினும் அதில் நேயர் பெயரோடும் ஊரோடும் தோன்றினார். நிலையத்தாருக்கு அவர் யார் என்பது தெரிந்தது. மீற்றர் தரும் எண்ணுக்கு ஊர் கிடையாது.

1998இல் சக்தி தொலைக்காட்சியும் 2009இல் வசந்தமும் தமிழுக்கென முழு அலைவரிசைகளாக வந்தபின் நேரப் பங்கீட்டின் இடுக்கண் பெரிதும் நீங்கிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் அதற்கு முன்பே இக்கரையோரத்தின் இரவுகளைத் தென்னிந்தியச் செய்மதி அலைவரிசைகள் கைப்பற்றத் தொடங்கியிருந்தன. சன் தொலைக்காட்சி 1993இல் ஆரம்பமானது. அதன் தொடர்களில் வரும் வீடுகளிலே கல்முனையின் பேச்சும் இல்லை, வாழ்வும் இல்லை. முற்போக்காளர் என்போர் அத்தொடர்களை இகழ்வதோடு நின்றுவிட்டோம். நாள் முழுதும் அடுக்களையில் உழன்ற பெண் தனக்கென எடுத்துக்கொண்ட ஒரே அரைமணி நேரம் அது என்பதை எமது திறனாய்வுகள் பொருட்படுத்தவில்லை. இக்குறையில் எமக்கும் பங்குண்டு. மருதூர்க்கொத்தனையும் எம். ஏ. நுஃமானையும் ஈந்த மண்ணின் வாழ்வு திரையில் அரிதாகவே இடம்பெற்றமைக்குத் தென்னிந்திய நிறுவனங்களைக் குறைகூறிப் பயனில்லை. அவர்களின் எண்ணிக்கைப் பட்டியலில் இக்கரை இல்லை. இங்குள்ளோர் சென்னையில் விற்கப்படும் சவர்க்காரத்தை வாங்கப்போவதில்லை.

இதற்கு விதிவிலக்கான மாதம் ரமழான். அம்மாதத்தில் எமது அலைவரிசைகள் அனைத்தும் முஸ்லிம் நேயரை நினைவுகூர்கின்றன. நோன்பு துறக்கும் வேளைக்கும் சஹர் வேளைக்கும் தனி நிகழ்ச்சிகள் அமைகின்றன. விளம்பர அனுசரணை தாராளமாய்க் கிடைக்கிறது. பதினொரு மாதம் எண்ணப்படாதவர் ஒரு மாதம் சந்தையாகக் கண்டுபிடிக்கப்படுகிறார். இதனோடு, 2013ஆம் ஆண்டு ரமழானில் பிரித்தானியாவின் சனல் 4 செய்ததை ஒப்புநோக்கலாம். அதிகாலை 3 மணியளவில், பெரும்பான்மையோர் உறங்கும் வேளையில், அவ்வலைவரிசை சுபஹ் பாங்கை நோன்பு மாதம் முழுவதும் ஒளிபரப்பிற்று. கண்டனங்கள் எழுந்தன, விளம்பரம் தேடும் தந்திரம் என்றோரும் இருந்தனர். அக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் 1982இல் அவ்வலைவரிசை நிறுவப்பட்டபோதே, ஐ.ரீ.வி. நிறைவுசெய்யாத விருப்பங்களுக்கு இடமளிப்பது அதன் சட்டபூர்வமான கடமையென விதிக்கப்பட்டிருந்தது. அம்மூன்று மணிக்கு ஆதாரம் எண்ணிக்கையன்று, அந்தக் கடமை. அத்தகைய கடமையை எமது பொது ஒலிபரப்பின் அட்டவணைக்கும் விதிக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை. றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சியைத் தனி நிகழ்ச்சிகளின் கூட்டமாகவன்றித் திட்டமிட்ட ஓர் ஓட்டமாகக் காணவேண்டும் என்று காட்டினார். அவ்வோட்டம் யாருடைய நாளின்மீது பாய்கிறது என்ற வினாவை அதனோடு நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரமழான் மாலைகளில் மஃரிப் பாங்கு கொழும்புக்கும் அதனை அண்டிய பகுதிகளுக்கும் உரிய நேரப்படி ஒளிபரப்பாகிறது. கல்முனை கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ இரண்டு பாகை தூரத்தில் உள்ளது. ஆகவே அங்குச் சூரியன் எட்டு நிமிடம் வரையில் முந்தியே மறைகிறது. ஊர்ப் பள்ளிவாசலின் பாங்கைக் கேட்டுப் பேரீச்சம்பழத்தோடு நோன்பு துறந்து கஞ்சியும் குடித்துமுடித்தவர், திரையிற் கொழும்பின் பாங்கு எழும் நேரத்திலே தொழுகை வரிசைக்கு விரைந்துகொண்டிருக்கிறார். வீட்டில் அணைக்க மறந்த பெட்டி அப்பாங்கை முழுவதுமாக ஒலிக்கிறது. அதன் முன்னே எவருமில்லை.