புதியவர்தான் முதலில் நீட்ட வேண்டும்

திருகோணமலை உட்துறைமுக வீதியில், மூதூர் லோஞ்ச் கட்டும் துறைக்குக் கொஞ்சம் தள்ளி, பொழுது சாயும் நேரத்தில் நாலைந்து பேர் கூடுவார்கள். எல்லோரும் சுருட்டுக்காரர்கள். விற்பனை கிடையாது, மாற்றுத்தான். உன்னிடம் இருப்பதில் ஒன்று எனக்கு, என்னிடம் இருப்பதில் ஒன்று உனக்கு. எழுதாத சட்டம் ஒன்று மட்டும் உண்டு: புதிதாக வருகிறவர்தான் முதலில் நீட்ட வேண்டும். நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

நான் நீட்டியது ஹவானாச் சுருட்டு. விமான நிலையத்துத் தீர்வையற்ற கடையில் ஒரு வாரச் சமையற் செலவைக் கொட்டி வாங்கியது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் அதை வாங்கி மூக்கருகே பிடித்தார். பிறகு காதருகே கொண்டுபோய் விரல்களுக்கிடையில் மெல்ல உருட்டினார். இலை காய்ந்து நொறுங்குகிறதா என்று கேட்கிறாராம். ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்து ஒரு பேப்பர்ச் சரையை அவிழ்த்து இரண்டு யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் சுருட்டை என் கையில் வைத்தார். “ஆறுதலாப் பிடியும் தம்பி” என்றார், அவ்வளவுதான். ஏமாந்துபோனேன் என்றுதான் அன்றிரவு நினைத்தேன்.

இரண்டாவது சுருட்டைப் பிடிக்கும்போதுதான் புத்தி வந்தது. யாழ்ப்பாணத்து இலையை வெறுமனே காயவைத்துச் சுற்றிவிடுவதில்லை. குடிலுக்குள் தொங்கவிட்டு, தென்னம் பொச்சு எரித்துப் புகையூட்டுவார்கள். அதனால் நாம் பற்றவைக்கும் முன்பே அந்த இலை ஒருமுறை புகை குடித்திருக்கிறது. அதன்மேல் கோடா என்கிற காய்ச்சிய சாற்றைப் போடுவார்கள். கோடாவின் பக்குவம் கொட்டிலுக்குக் கொட்டில் வேறு. கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். முதல் இழுப்பில் பொச்சுப் புகை, நாக்கின் நுனியில் லேசான இனிப்பு, பாதி தாண்டியதும் தொண்டையைப் பிடிக்கிற காரம். ஹவானா பேசிப்பேசி ஆளை மயக்கும். கோண்டாவில் ஒரே ஒரு வார்த்தை சொல்லும், ஆனால் உரத்துச் சொல்லும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது என்று ஒப்புக்கொள்ள ஒரு வருடம் எடுத்தது.

கோடாவைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் தன் தகப்பனின் கதையைச் சொன்னார். 1957 இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வரும்வரை இங்கே பிரித்தானிய மாலுமிகள் இருந்தார்கள். அவர்களுக்கு முழு இலையாகவே புகையிலை கொடுக்கிற வழக்கம் கடற்படையில் இருந்தது. இலையை ரம்மில் நனைத்து, கன்வஸ் துணியில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். டொக்யார்டில் கூலிக்குப் போன தகப்பன் யாழ்ப்பாணச் சுருட்டைக் கொடுத்து அதில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வருவாராம். “வெள்ளைக்காரனும் கோடா போடத்தான் செய்தவன், அவன் சாராயத்திலை போட்டான், நாங்கள் சட்டியிலை காய்ச்சினம்” என்பார்.

கோண்டாவில், கொக்குவில் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிலாளர் பலகையில் இலையை விரித்துச் சுற்றிக்கொண்டிருக்க, அந்தக் காலத்தில் ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகை வாசிப்பார். கை இலையில், காது செய்தியில். பள்ளிக்கூடம் போகாதவர்கள் உலக அரசியல் பேசியது அப்படித்தான். 1865 இல் இதே வழக்கம் ஹவானாவின் ஆலைகளிலும் தொடங்கியது. அங்கே வாசிப்பவர் நாவலும் வாசிப்பார். டூமாவின் மொன்டி கிறிஸ்டோ பிரபுவை விரும்பிக் கேட்ட சுற்றுகாரர்களால்தான் மொன்டிகிறிஸ்டோ என்ற சுருட்டுக்கு அந்தப் பெயர் என்பார்கள். ஈழகேசரி என்று பத்திரிகையின் பெயரை நாமும் ஒரு சுருட்டுக்கு வைத்திருக்கலாம்.

புகையிலையை அமெரிக்காவிலிருந்து கீழைக் கடலுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். 1620களில் இந்த ஊர்க் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியவர்களும் அவர்கள்தான். போகும்போது தமிழிலிருந்து ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லிஸ்பனில் இன்றைக்கும் சுருட்டுக்கு ‘ஷருட்டு’ என்றுதான் பெயர். ஆங்கிலத்தின் ‘செரூட்’டும் நம்முடையதே, இரு முனையும் வெட்டித் திறந்திருப்பது அதன் இலக்கணம். கத்தி வேண்டாம், கத்தரி வேண்டாம், நெருப்புப் பெட்டி போதும்.

கப்பலில் வேலை செய்யும் ஒருவர் வந்தால் திருச்சிச் சுருட்டு வரும். பெட்டிக்குள் உறையூர் வாசம். சுருட்டுக்குப் பேர்போன இலைகளில் ஒன்று ‘லங்கா’ என்றார். நம் இலங்கை என்று நெஞ்சை நிமிர்த்தினேன். கோதாவரி ஆற்றுத் தீவுகளைத் தெலுங்கில் லங்கா என்பார்கள் என்று கப்பல்காரர் குட்டினார். இந்தத் திருச்சிச் சுருட்டின் சாம்பலைப் பார்த்துத்தான், 1887 இல் வந்த முதல் கதையிலேயே, ஷெர்லொக் ஹோம்ஸ் கொலைகாரன் பிடித்தது இன்னது என்று கண்டுபிடிக்கிறார்: கறுப்பு, செதில் செதிலாக உதிர்வது. நாலு வருடம் கழித்து வந்த இன்னொரு கதையில், அவர் திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களின் விவகாரத்தைத் துலக்கியதாக ஒரே ஒரு வரி வருகிறது. அந்தக் கதையைக் கொனன் டொயில் எழுதவே இல்லை. சாம்பலில் துப்புத் துலக்குகிற மனுசன் இந்த ஊருக்கு வந்து என்ன பிடித்தாரோ. நானும் சாம்பலை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஹவானாவின் சாம்பல் இரண்டு அங்குலம் நின்று பிடிக்கிறது. கோண்டாவிலுடையது காற்று வாக்கில் என் சட்டையில்.

காற்றென்றால் இங்கே சும்மா இல்லை. வாடை அடிக்கிற கார்த்திகை, மார்கழியில் இலை ஈரம் குடித்துப் பூஞ்சணம் பூக்கும். ஆனி, ஆடியில் கச்சான் சுழற்றினால் மேலிலை வெடிக்கும். வண்டு வேறு துளைபோடும். மேல்நாட்டுப் பிரியர்கள் சீடர் மரப்பெட்டியில், எழுபது வீதத்துக்குக் கிட்ட ஈரப்பதம் காத்து வைப்பார்கள். எங்கள் கூட்டத்தில் பழைய ஹோர்லிக்ஸ் போத்தல்தான். மழைக்கு இறுக்கி மூடுவது, கச்சானுக்கு உள்ளே ஒரு வெற்றிலை.

இதெல்லாம் வாரத்துக்கு ஒன்று பிடிக்கிறவனின் பேச்சு. கூட்டத்தில் ஒருவருக்குத் தாடையில் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போதும் வருகிறார், மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். எங்களில் மூக்கு நல்லது அவருக்குத்தான்.

நான் முதலில் கொடுத்த ஹவானாவைப் பெரியவர் இன்னும் பற்றவைக்கவில்லை. மூன்று வருடமாகிறது. போத்தலைத் திறந்து, காதருகே உருட்டிப் பார்த்து, திரும்ப உள்ளே வைக்கிறார். எப்போது என்று போன கிழமையும் கேட்டேன்.

“கச்சான் ஓயட்டும்” என்றார்.