மேடைக்குப் போகும் வழியும் வீடு திரும்பும் வழியும்

இனிய குரல் வாய்த்த பிள்ளை இருக்கும் வீட்டில், இன்றோ நாளையோ ஒரு கேள்வி எழாமல் இராது. தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி அறிவித்திருக்கிறார்கள். குரல் தேர்வுக்குப் போகலாமா, வேண்டாமா? வாப்பா மௌனமாக இருப்பார். உம்மா, "ஊர் என்ன சொல்லும்?" என்பார். பாட்டுச் சொல்லிக் கொடுத்தவரோ, "குரல் தேறும், அனுப்பி வையுங்கள்" என்பார். எல்லோரும் போவதைப் பற்றியே பேசுவார்கள். திரும்பி வருவதைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

அந்தத் திரும்பி வருதலை நம் கண்முன் நிறுத்தும் செய்திப்படம் ஒன்று உண்டு. 'ஆப்கான் ஸ்டார்' என்பது அதன் பெயர். இயக்கியவர் ஹவானா மார்க்கிங் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. 2009இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசையும் பார்வையாளர் பரிசையும் இப்படம் பெற்றது. பரிசுகளால் படத்தை எடை போடுவது நம் நோக்கமன்று. ஒரு முஸ்லிம் நாட்டில், முஸ்லிம் பெண்கள் இருவர் பாட்டுப் போட்டிக்குப் போன கதை இது. ஆகவே நம் வீட்டுக் கண்ணோடு இதைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996 முதல் 2001 வரை தாலிபான்களின் ஆட்சியில் ஆப்கானிஸ்தானில் இசைக்குத் தடை இருந்தது. அவ்வாட்சி வீழ்ந்த பின், 2004இல் டோலோ தொலைக்காட்சி தொடங்கியது. மறு ஆண்டே 'ஆப்கான் ஸ்டார்' போட்டியை அது ஒளிபரப்பத் தலைப்பட்டது. யார் வேண்டுமானாலும் குரல் தேர்வுக்கு வரலாம். பார்வையாளர்கள் கைப்பேசி வழியே வாக்களிப்பார்கள். வாக்குக் குறைந்தவர் வெளியேற வேண்டும். 2007-2008இல் நடந்த மூன்றாம் போட்டியையே படம் பின்தொடர்கிறது. அம்முறை தேர்வுக்கு வந்தவர்கள் சுமார் 2,000 பேர். அவர்களுள் பெண்கள் மூவரே.

படம் நால்வரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. மஸாரே ஷரீஃபைச் சேர்ந்த ரஃபி, ஹஸாரா இனத்தவரான ஹமீத், கந்தஹாரிலிருந்து வந்த லீமா, ஹெராத்திலிருந்து வந்த சிதாரா. நால்வரையும் அவரவர் ஊரோடும் உற்றாரோடும் சேர்த்தே காட்டியிருப்பது இயக்குநரின் நேர்மை. இனத்துக்கு இனம் பகைத்துப் போரிட்ட ஒரு நாட்டில், வேற்று இனத்தவனின் பாட்டை மெச்சி ஒருவன் வாக்களிப்பதைக் காணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. இவ்வளவில் படம் நின்றிருந்தால், நல்லதொரு நம்பிக்கைச் செய்தி என்று சொல்லி நாம் எழுந்து போயிருக்கலாம். படத்தின் உண்மையான கனம் அந்த இரு பெண்களிடத்தில் இருக்கிறது.

லீமா, தாலிபான்களின் செல்வாக்கு ஓங்கிய கந்தஹாரில் மறைவாகப் பாட்டுப் பயின்றவர். மேடையில் அவர் அசையாமல் நின்று, முக்காடு விலகாமல் பாடுகிறார். தம் ஊர் எவ்வளவு தாங்கும் என்று அளந்து, அந்த எல்லைக்குள் நின்றே மூன்றாம் இடம் வரை வந்துவிடுகிறார். சிதாராவின் இயல்பு வேறு. அவர் பெயருக்கே விண்மீன் என்று பொருள். சிரிப்பும் துடிப்பும் அழகுணர்ச்சியும் நிறைந்த இளம்பெண். எட்டாம் இடத்தோடு வெளியேற வேண்டிய இரவில், விடைபெறும் பாடலைப் பாடுகையில், அவர் மேடையில் ஆடுகிறார். முக்காடு தோளில் சரிகிறது. நம் கண்ணுக்கு அது ஆட்டம் என்றுகூடத் தோன்றாது. சில அடிகளின் அசைவு, அவ்வளவே. ஆனால் அவ்வளவும் போதுமானதாயிற்று. உடன் பாடியவர்களே முகம் சுளிக்கிறார்கள். ஹெராத் தெருவில் ஆடவர் சிலர், அவளைக் கொல்ல வேண்டும் என்று ஒளிப்படக் கருவியின் முன் கூசாமல் சொல்கிறார்கள்.

அதன் பிறகு சிதாரா செய்வதுதான் படத்தின் உச்சம். அவர் ஊர் திரும்புகிறார். வீட்டார் அன்போடு அணைத்துக்கொள்கிறார்கள். அந்த அன்பிலேயே அச்சமும் கலந்திருக்கிறது. வெளியே நடமாட முடியாத பெண்ணாக, பிறந்த ஊரிலேயே அவர் அடைபட்டுக் கிடக்கிறார். பெரும் சூஃபிக் கவிஞரான ஜாமி வாழ்ந்து அடங்கிய மண் ஹெராத். இசைக்கலையைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். அந்த மண்ணில் ஒரு பாடகிக்கு நேர்ந்த நிலை இது.

படத்தைப் பற்றி எனக்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, கதை தொடங்கும்போது முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. குரல் தேர்வுக்குப் போவது என்று லீமாவின் வீட்டிலும் சிதாராவின் வீட்டிலும் எப்படித் தீர்மானித்தார்கள்? யார் தடுத்தார்கள்? யார் துணை நின்றார்கள்? தாயின் தயக்கத்துக்கு மகள் என்ன விடை சொன்னாள்? அடுப்பங்கரையில் நடந்திருக்கக்கூடிய அந்தப் பேச்சு படத்தில் இல்லை. மேடையின் ஒளி இருக்கிறது. அந்த மேடைக்கு ஒரு குடும்பம் கொடுத்த இசைவு இருட்டிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. கைப்பேசி வாக்கை மக்களாட்சியின் முதற்படியாகப் படம் கொண்டாடுகிறது. வாக்களித்தவன் தன் வீட்டில் பத்திரமாக இருந்தான். வாக்குக் கேட்டு நின்றவள்தானே தெருவில் நடக்க வேண்டியிருந்தது? அழைத்த நிலையத்துக்கும், படம் பிடித்த கருவிக்கும், கைதட்டிய அயல்நாட்டு அரங்குக்கும் அவளைப் பாதுகாப்பாக வீடு சேர்க்கும் கடமை இல்லையா? இந்தக் கேள்வியைப் படம் நமக்குள் எழுப்புகிறது. தன்னை நோக்கிக் கேட்டுக்கொள்ளவில்லை. இயக்குநர் 2011இல் சிதாராவைப் பற்றி மீண்டும் ஒரு படம் எடுத்தார் என்பதை அவருடைய மனச்சான்றின் அடையாளமாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

மார்க்க நோக்கில் இதை எவ்வாறு காண்பது என்று அன்பர்கள் கேட்கலாம். இசையைப் பற்றி உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு தொன்றுதொட்டு உண்டு. கடிந்தோரும் உளர், இப்னு ஹஸ்மைப் போல ஆகுமென்றோரும் உளர், இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வில் இதற்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கி ஆய்ந்தார். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதும், தடுக்க முற்பட்ட அபூபக்கர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவேண்டாம் என்றதும் புகாரியில் காணக் கிடைப்பவை. நம் வீடுகளிலும் நாகூர் ஹனீபாவின் குரலை விரும்பிக் கேட்ட அதே திண்ணையில் இந்த வாதமும் நடந்ததுண்டு. பாடலாகாது என்று ஒருவர் கருதலாம். அது அவர் கொண்ட கருத்து. ஆயினும் ஒரு பெண்ணின் உயிருக்குத் தெருவில் நின்று தீர்ப்புச் சொல்ல எந்தக் கருத்தும் எவருக்கும் உரிமை தரவில்லை. மார்க்கத்தின் பெயரால் பேசிய அந்த ஆடவரின் சொல்லில் மார்க்கத்தின் கனிவைக் காணோம். ஊரின் சினமே மேலோங்கி நிற்கிறது.

பின்னர் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் படத்தின் பொருள் நிறைவு பெறும். அப்போட்டியைத் தொகுத்து வழங்கிய தாவூத் சித்தீக்கி, 2009இல் சன்டான்ஸ் விழாவுக்குச் சென்றவர், நாடு திரும்பவில்லை. போட்டி மட்டும் ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2019இல், பதினான்காம் போட்டியில், ஸஹ்ரா இல்ஹாம் என்னும் ஹஸாராப் பெண் வெற்றி பெற்றார். அப்பட்டத்தை வென்ற முதற்பெண் அவரே. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தனர், பாட்டுமேடைகள் ஓய்ந்தன. 2024 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்ட சட்டம், பெண்ணின் குரலே பொதுவிடத்தில் மறைக்கப்பட வேண்டியது என்கிறது.

அப்படியானால் சிதாரா குரல் தேர்வுக்குப் போனது தவறா? எளிதாக ஆம் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. மூன்று பெண்கள் துணிந்து வரிசையில் நின்றிராவிட்டால், பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் வென்றிருப்பாள் என்று எப்படி நம்புவது? லீமாவைப் போல அளந்து நின்றிருக்க வேண்டும் என்று சிதாராவுக்கு அறிவுரை கூறவும் நான் துணியேன். அளந்து நின்ற லீமாவையும் அச்சுறுத்தல் விடவில்லையே! தவறு எங்கே இருக்கிறது என்றால், ஒருத்தி எடுத்த முடிவின் முழு விலையையும் அவளே தனியாகக் கொடுக்குமாறு எல்லோரும் விலகி நின்றதில் இருக்கிறது.

நம் ஊர்களில் அத்தகைய கொடுமை இல்லை, இறைவனுக்கே புகழ். ஆயினும் கேலிப் பேச்சும் பள்ளிவாசல் வாசலில் சாடைப் பேச்சும் நமக்குப் புதியவை அல்ல. ஆகவே பிள்ளை வந்து "போகட்டுமா?" என்று கேட்கும் நாளில், குரல் தேறுமா என்பதை நடுவர்களுக்கு விட்டுவிடலாம். வீட்டார் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு. பிள்ளை தோற்று வந்தால், ஊர் நகைத்தால், மேடையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டால், பேருந்து நிலையத்தில் போய் நின்று அழைத்து வர நாம் இருப்போமா? இருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்த வீடு, போ என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். இரண்டிலும் பிள்ளைக்குக் கேடில்லை. அந்த உறுதி இல்லாத வீடு, குரலைப் பற்றிப் பேசுவதற்கு முன் தன்னைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.